கேள்விக்குறிப் பூச்சி

இந்த வீட்டில் இனி பல்லியா, தானா என்று ஒரு கை பார்த்துவிடுவது! அச்சகத்தில் பிழை திருத்தும் அந்த மனிதர் இப்படிக் கங்கணம் கட்டிக்கொண்டபோது காலை மணி ஆறு.

குளியலறைச் சுவரில் ஓர் அந்துப்பூச்சி உட்கார்ந்திருந்தது. கட்டைவிரல் நகத்தளவுதான். சாம்பல் சிறகு. அதில் வெள்ளிக் கம்பியால் இழைத்ததுபோல் ஒரு கேள்விக்குறி. இன்னொரு சிறகில் அதுவே கண்ணாடியில் பார்த்தாற்போல் திரும்பியிருந்தது. அடியில் புள்ளிகூடப் பிசகவில்லை! மனிதர் சொக்கிப்போனார்.

புரட்டிய புத்தகம் எதிலும் அந்தப் பூச்சி இல்லை. புது இனமென்றால் கண்டுபிடித்தவர் பெயரையே வைப்பார்களாமே! மனைவியிடம் மூச்சுவிடாமல் அருங்காட்சியகத்துப் பூச்சி நிபுணருக்குக் கடிதம் போட்டார். அவர் வரும்வரை அது பல்லி வாயில் போகக்கூடாது. தினமும் விடிந்ததும் ஒரு குச்சியோடு உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டார்.

"என்னங்க, இவ்வளவு நேரமா உள்ள என்ன பண்றீங்க?"

"வயிறு சரியில்ல."

"நேத்தும் அதைத்தானே சொன்னீங்க?"

"நேத்து இருந்த வயிறுதானே இன்னைக்கும் இருக்கு!"

மூன்றாம் நாள் குளியலறைக்குள் ஒரு முக்காலி வந்திருந்தது. "வயிறு சரியில்லாதவரு நின்னுக்கிட்டே இருக்கலாமா?" என்றாள் மனைவி. அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

பத்தாம் நாள் நிபுணர் வந்தார். நம்மவர் நெஞ்சை நிமிர்த்தி, "கடிதம் எழுதினது நான்தான்" என்றார்.

"உங்களோடது ரெண்டாவது கடிதம் சார். முதல் கடிதம் எழுதின அம்மா எங்க?"

ஈரக்கையைத் துடைத்தபடி மனைவி வந்தாள், ஒரு நோட்டுப்புத்தகத்தோடு. குளியலறை ஜன்னலுக்கு வெளியே தொட்டிச்செடியில் நாலு மாதமாகப் பூச்சி வளர்க்கிறாளாம்! அவர் பிழை பார்த்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவள் புழு பார்த்திருக்கிறாள்.

"இருக்கட்டும். பத்து நாளா இந்தப் பூச்சியைக் கண்கொட்டாம கவனிச்சவன் நான்!"

"இந்தப் பூச்சியையா? அது மூணு நாள்தாங்க உயிரோட இருக்கும். இப்ப செவத்துல இருக்கறது நாலாவது. குறியோட வளைவைப் பாருங்க, ஒவ்வொண்ணுக்கும் ஒரு மாதிரி."

நோட்டை வாங்கிப் புரட்டினார். அறுபது பூச்சிகள், நூற்றிருபது சிறகுகள். கோடு கோடாக, மயிரிழை தப்பாமல் வரைந்திருந்தாள். தொழில் புத்தி, ஒரு பிழையாவது அகப்படுமா என்று கடைசிப் பக்கம்வரை தேடினார். அகப்படவில்லை. பொறாமை போன இடம் தெரியவில்லை. "எம் பொண்டாட்டி சார்!" என்றார் நிபுணரிடம், பெருமை தாங்காமல்.

நிபுணருக்கும் வியப்பு. "அம்மா, இந்தப் பத்து நாளா சிறகு காய உள்ள வந்து உட்கார்ந்த பூச்சி ஒண்ணுகூடப் பல்லிகிட்ட மாட்டலையே, எப்படிம்மா?"

"அதுக்குத்தான் ஆள் போட்டிருக்கேனே!" என்றாள் மனைவி.