வழிக்குப் பூட்டு

வீட்டில் ஒற்றன் இருக்கிறான் என்று பழைய சாமான் கடைக்காரர் முடிவுகட்டிவிட்டார். மாமியார் நிரந்தரமாக வந்து தங்கப்போகிறார். அதைத் தடுக்க, பக்கத்து ஊரில் வீட்டு புரோக்கராக இருக்கும் நண்பனோடு போனில் எழுதி எழுதிச் சதி செய்கிறார். ஒவ்வொரு சதியும் அனுப்பிய சூடு ஆறுவதற்குள் மனைவியின் வாயில் வந்து நிற்கிறது.

"ஏங்க, வீடெல்லாம் கரையான்னு எங்கம்மாகிட்ட சொல்லப்போறீங்களாமே?"

"யாருடி சொன்னா?"

"சுவருக்கும் காது இருக்குங்க."

சுவரைச் சந்தேகித்தார். மாடி வீட்டுக்காரரைச் சந்தேகித்தார். இன்டர்நெட் கம்பியில் உட்கார்ந்த காக்காயைக்கூட முறைத்தார். தட்டும்போது ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுப் படிக்கும் தன் பழக்கத்தை மட்டும் சந்தேகிக்கவில்லை.

நெட்வொர்க் மெக்கானிக் வந்தார். கடைக்காரர் போனுக்கும் நண்பன் போனுக்கும் நடுவே ரகசியச் சுரங்கம் போட்டார்.

"அண்ணே, இனி வழியில எவனும் படிக்க முடியாது. ஆனா பூட்டு வழிக்கு மட்டும்தான். அந்த முனையில யார் உட்கார்ந்திருக்காங்கன்னு அது பார்க்காது. போன் கைமாறினா உள்ள இருக்கிற சாவியை அழிச்சிடணும். திறக்கும்போதெல்லாம் கடவுச்சொல் கேட்கிற மாதிரியும் வச்சுத் தர்றேன்."

"அதுக்கும் சேர்த்துத்தான் இந்தக் கூலியா?"

"ஆமாண்ணே."

"அப்ப அது வேணாம். கூலியைக் குறை. யானையையே எடைக்குப் போட்டு வாங்குறவன்யா நான், எனக்கே பாடமா?"

மெக்கானிக் குறைத்தார். போகும்போது, "தட்டும்போது வாயை மூடிக்குங்க, இது இலவசம்" என்றார்.

வாய் மூடியது. கசிவு நின்றது. கடைக்காரர் மீசையை முறுக்கினார்.

நண்பன் புதுப் போன் வாங்கினான். அவனுடைய பழைய போனைக் கடைக்காரர் அடிமாட்டு விலைக்கு மடக்கி, வேட்டி நுனியால் துடைத்து, மனைவிக்குப் பரிசாக நீட்டினார். அவள் பூரித்த பூரிப்பே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

அதற்குப் பிறகு நண்பனின் மூளையில் திடீர் வெளிச்சம். போனில் வரிவரியாக வந்து விழுந்தது:

"டேய், பின்னறையை வாடகைக்கு விட்டாச்சுன்னு சொல்லிடு. நம்பணும்ல? வெள்ளையடி. கட்டில் போடு. மெத்தை நல்லதா வாங்கு, மட்டமா போட்டா சந்தேகப்படுவாங்க. சுவிட்ச் கட்டிலுக்கு எட்டுற மாதிரி மாத்து."

'என்ன அறிவுடா இவனுக்கு!' என்று கடைக்காரர் ஏணி ஏறினார். மனைவி ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. ஏணியை மட்டும் பிடித்துக்கொண்டாள்.

மாமியார் வந்தார். அறையைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"மாப்பிள்ளை! எனக்காகவா இவ்வளவும்?"

"இல்ல அத்தே, இது வந்து... வாடகைக்கு..."

"தன் கையாலேயே வெள்ளையடிச்சாரும்மா" என்று சொல்லிவிட்டு மனைவி சமையலறைக்குள் போனாள்.

கடைக்காரர் மூலைக்கு ஓடினார். வாயை இறுக மூடிக்கொண்டு தட்டினார்: "டேய், கவுந்துட்டோம்டா. அடுத்து என்ன?"

சமையலறையில் 'டிங்' என்றது.

வழியில் ஒரு ஈ, எறும்புகூடப் படித்துவிட முடியாத பத்திரத்தோடு பதில் வந்து சேர்ந்தது: "வாசல்ல அம்மாவோட பெட்டி கிடக்கு. தூக்கிட்டு வாங்க."