வாசலில் வைத்தாலே சேர்ந்தது என்பவர்

வரையறைக்காரர் என்றோர் இனம் உண்டு. காட்டில் தேட வேண்டாம். மருத்துவமனைக் கணினிகள் ஒன்றோடொன்று பேசுவதற்கு விதி எழுதும் குழு எங்கே கூடுகிறதோ, அங்கே காப்பிக் குடத்துக்குப் பக்கத்து நாற்காலியில், கழுத்து அட்டையின் கீழே பழைய உறுப்பினர் என்று பறைசாற்றும் வண்ண நாடாக்கள் கோவணம்போல் தொங்க, அவர் வீற்றிருப்பார்.

எங்கள் குழுவுக்கு வாய்த்தவர் லைல் கண்டர்சன். "செய்தி" என்று யாரேனும் வாய் தவறிச் சொல்லிவிட்டால் போதும். உறையைச் சொல்கிறீர்களா, உறைக்குள் இருப்பதையா, அதைச் சுமக்கும் வண்டியையா, வண்டி ஓடும் சாலையையா என்று மிகுந்த பரிவோடு கேட்பார். பதில் சொன்னால் நன்றி சொல்வார். பிறகு அந்தப் பதிலுக்கு விளக்கம் கேட்பார். அவருக்கு விடையா வேண்டும்? ஒத்திவைப்பு வேண்டும்.

சென்ற சனவரியில் அமெரிக்காவின் மினியாபொலிஸ் நகர ஓட்டல் ஒன்றில் கூடினோம். கடைசி நாள். வடக்கு டகோட்டா மாநிலத்தின் சிறிய மருத்துவமனை ஒன்றிலிருந்து வந்திருந்த செவிலியர் ரோண்டா எழுந்தார்.

"எங்க லேப் கம்ப்யூட்டர்ல 'சேர்ந்தது'ன்னு பச்சை எரியுது. டாக்டர் திரையில ஒண்ணுமே இல்ல. ரத்த ரிப்போர்ட் வரும்னு நோயாளி படுத்துக் கிடக்கார். டாக்டர் திரைக்கு வந்தாத்தான் பச்சைன்னு ஒரே ஒரு வரி எழுதுங்க. இன்னிக்கு விட்டா அடுத்த கூட்டம் செப்டம்பர்லதான். அதுவரைக்கும் நோயாளிங்களுக்கு நான் என்ன பதில் சொல்றது?"

லைல் கண்ணாடியைத் துடைத்தார். அறையே பெருமூச்சு விட்டது.

"சேர்ந்ததுன்னா என்ன ரோண்டா? வாசலுக்கு வந்துட்டாலே சேர்ந்ததுதானே? கொண்டுபோறதுதான் நம்ம வேலை. உள்ள யார் எடுத்தாங்கங்கறது வேற குழு."

பிறகு வாசலை அடைதல், உள்ளே நுழைதல், பிரிக்கப்படுதல், புரிந்துகொள்ளப்படுதல் என்று வெண்பலகை நிறையக் கட்டங்கள் வரைந்து, கட்டங்களுக்குள் கட்டங்கள் வரைந்து, இடம் போதாமல் பலகையின் சட்டத்திலும் வரைந்தார். குழுத் தலைவி இங்க்ரிட் கடிகாரத்தைப் பார்த்தார். ரோண்டா கூரையைப் பார்த்தார். நான் கதவைப் பார்த்தேன். மதிய உணவு இன்னும் வரவில்லை.

உணவுக்குப் பொறுப்பாளரும் லைல்தான். சமையற்கட்டுக்குத் தொலைபேசினார். கறுப்பு அரைச்சட்டை அணிந்த பரிசாரகர் ஒருவர் வந்தார்.

"அப்பவே கொண்டாந்து வாசல்ல வச்சாச்சே சார்."

ஓடிப்போய்ப் பார்த்தோம். எதிர் அறையில் கூடியிருந்த பல் மருத்துவர்கள் எங்கள் வான்கோழி சாண்ட்விச்சுகளை மென்றுகொண்டிருந்தனர். கடுகு விழுது கூடாது என்று தனியாகச் சொல்லி, பெயர் ஒட்டி வரவழைத்த லைலின் பொட்டலம் ஒரு வழுக்கைத் தலையர் மடியில் திறந்து கிடந்தது.

"எங்களுக்கு வந்து சேரவே இல்லையேய்யா!" என்று லைல் அலறினார்.

"வாசல் வரைக்கும் கொண்டாறதுதான் சார் எங்க வேலை. உள்ள யார் எடுத்தாங்கன்னு எங்களுக்கு எப்படித் தெரியும்?"

ரோண்டா இனிமையாகக் கேட்டார். "அப்ப சேர்ந்தாச்சு. என்ன லைல், பச்சை போட்டுடலாமா?"

"என்ன பச்சை? யாருக்கு அனுப்பினாங்களோ அவங்க கைக்கு வந்தாத்தான் சேர்ந்தது! இது கூடவா தெரியாது?"

இங்க்ரிட் எங்கள் அறைக்குள் பாய்ந்து, தீர்மானம் நிறைவேறினால் மேசையில் தட்டும் மரச் சுத்தியலை எடுத்தார்.

"லைல் முன்மொழிஞ்சுட்டார். வழிமொழியறது யாரு?"

பசித்த கைகள் அனைத்தும் ஒருசேர எழுந்தன. லைலின் கையும் பழக்கத்தில் பாதி எழுந்தது. "ஆனா 'கை'ன்னு நான் சொன்னது..." என்று தொடங்கினார். சுத்தியல் இறங்கிவிட்டது. ரோண்டா தம் ஒரு வரியை வாங்கிக்கொண்டு விமானம் ஏறினார்.

உங்களுக்கும் இந்த இனத்துக்கும் தொடர்பே இல்லை என்கிறீர்களா? மகிழ்ச்சி. "தொடர்பு என்றால் எந்த வகைத் தொடர்பு?" என்று கேட்க இப்போது உதடு அசைந்ததே, அதை நான் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். காப்பிக் குடத்துக்கு மறுபக்கம் ஒரு நாற்காலி காலியாக இருக்கிறது. சாப்பாடு மட்டும் கையோடு கொண்டுவந்துவிடுங்கள்.