டிரைவருக்குப் பின்சீட்

விமான நிலையத்துக்குள் போகாமலே அதிலிருந்து வெளியே வருவது எப்படி? ஒரு தூணுக்குப் பின்னால் ஒளிந்து நின்ற பேராசிரியருக்கு இதுதான் யோசனை.

எதிரே, பயணிகள் வெளியேறும் வாசலில், பஸ் கம்பெனி மேலாளர் 'பேராசிரியர் அவர்களே, வருக' என்று எழுதிய அட்டையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார். பேராசிரியர் வந்ததோ பஸ்ஸில்.

ஒரு காலத்தில் அவர் விமானப்படையில் போர் விமானம் ஓட்டியவர். மேகத்துக்குள் தலைகீழாகப் பறந்தவர். ஓய்வுபெற்ற பிறகு மேலே படித்து, வணிகக் கல்லூரியில் பாடம் நடத்துகிறார். கம்பெனிகளுக்கு ஆலோசனையும் சொல்கிறார். மாணவர்கள் வைத்த பெயர் 'பறக்கும் வாத்தியார்'. 'பயத்தை வென்ற தலைவன்' என்ற அவருடைய சொற்பொழிவுக்கு எங்கே போனாலும் கைதட்டல்தான்.

ஆனால் அடுத்தவர் ஓட்டும் விமானத்தில் பெல்ட்டை மாட்டிக்கொண்டு சும்மா உட்காரச் சொன்னால், மனிதருக்கு ஒரே பயம். அதனால் எங்கே போவதானாலும் பஸ்தான். அங்கேயும் டிரைவருக்கு நேர் பின்சீட்டில் உட்கார்ந்துகொண்டு, "தம்பி, நான் போர் விமானமே ஓட்டினவன். சொல்றேன் கேளு, அந்த லாரியை இப்ப முந்தாதே" என்று வழிநெடுக நச்சரித்துக்கொண்டே வருவார். இந்தப் பயம் தன் மனைவியைத் தவிர யாருக்கும் தெரியாது என்பது அவருடைய நம்பிக்கை.

போன் அடித்தது. மனைவிதான்.

"என்னங்க, போய்ச் சேர்ந்தாச்சா?"

"ஏர்போர்ட்ல நிக்கிறேன்."

"பஸ்ல போனவருக்கு ஏர்போர்ட்ல என்ன வேலை?"

"ப்ளேன் டிக்கெட் அனுப்பியிருந்தாங்களே. அதுல வந்து இறங்கின மாதிரி நிக்க வேணாமா?"

"பேசாம உண்மையைச் சொல்லிடுங்க."

"நல்லா சொன்னே! ஜனமெல்லாம் ப்ளேனுக்குப் போயிட்டாங்க, பஸ்ஸெல்லாம் காத்தாடுதுன்னு இந்த பஸ் கம்பெனிக்காரங்க என்கிட்ட யோசனை கேக்கறாங்க. பயந்தாங்கொள்ளிக்கு யார் வேலை குடுப்பா? இந்த ஒப்பந்தமும் போச்சுன்னா, காலேஜ் முதல்வர் என்னை மாணவர் விடுதிக் காப்பாளரா போட்டுடுவார். அப்புறம் ஆயுசுக்கும் குளியலறைச் சண்டைக்குப் பஞ்சாயத்துதான்."

"அதுக்கு ப்ளேன்லயே போய்த் தொலைச்சிருக்கலாம்" என்று சொல்லிவிட்டு அவள் போனை வைத்தாள்.

அந்த நேரம் பார்த்து ஒரு பெரிய குடும்பம் மூட்டை முடிச்சுகளோடு வெளியே வந்தது. பேராசிரியர் வாசலில் கட்டியிருந்த தடுப்புக் கயிற்றுக்குக் கீழே குனிந்து நுழைந்து, கையில் அகப்பட்ட ஒரு தள்ளுவண்டியைப் பிடித்துத் தள்ளிக்கொண்டு நடந்தார்.

"யோவ், அது எங்க பெட்டி!" என்று ஒரு பெண்மணி கத்தினாள்.

"கனமா இருக்கேன்னு ஒரு கை குடுத்தேம்மா" என்று அசடு வழிந்தார்.

அதற்குள் மேலாளர் ஓடி வந்தார். "வாங்க சார், வாங்க! பயணமெல்லாம் சவுகரியமா இருந்துச்சா?"

"பிரமாதம். தரையைத் தொட்டதே தெரியலை."

மேலாளர் மேலே இருந்த விமான அறிவிப்புப் பலகையைப் பார்த்தார். "உங்க ப்ளேன் இன்னும் வரலைன்னு போட்டிருக்கே சார்?"

பேராசிரியரும் அண்ணாந்து பார்த்தார். ஒன்றும் புரியவில்லை. மூக்குக் கண்ணாடியைப் பஸ்ஸிலேயே மறந்துவிட்டிருந்தார்.

"நான் அதுக்கு முந்தின ப்ளேன்ல வந்துட்டேன்."

"அது ரத்துன்னு போட்டிருக்கு சார்."

"மத்தவங்களுக்குத்தான் ரத்து. நான் என் விமானப்படைச் சிநேகிதரோட சொந்த ப்ளேன்ல வந்தேன்."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டார். மேலாளர் பூரித்துப்போய், காரில் ஏறும்போதே கம்பெனி முதலாளியம்மாவுக்குப் போனில் விஷயத்தைச் சொல்லிவிட்டார்.

பஸ் பணிமனைக்கு மேல்மாடியில் முதலாளியம்மாவின் அறை. ஜன்னலுக்கு வெளியே பஸ்களைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். டீசல் வாடை அறை வரைக்கும் வந்தது.

"சொந்த ப்ளேன்ல வந்தீங்களாமே! சிநேகிதரையும் கூட்டிட்டு வந்திருக்கலாமே?" என்றார் முதலாளியம்மா.

"அவசர வேலைன்னு உடனே திரும்பிட்டாரும்மா."

"அப்ப நீங்க எப்படிப் போவீங்க? கவலையே படாதீங்க. என் தம்பி சின்னதா ஒரு ப்ளேன் வாங்கியிருக்கான். லைசென்ஸ் இப்பதான் கிடைச்சுது. கூட உக்கார ஒருத்தரும் வரமாட்டேங்கறாங்கன்னு ஒரே புலம்பல். நீங்கன்னா பயப்பட மாட்டீங்க, அவன்கூடவே போயிடுங்க."

"அப்ப நான் ஓட்டறேனே!"

"உங்க லைசென்ஸ் இன்னும் செல்லுமா?"

அது காலாவதியாகிப் பல வருஷம் ஆகிவிட்டது. பேராசிரியர் திறந்து வைத்திருந்த மடிக்கணினியில் 'பயத்தை வென்ற தலைவன்' என்ற தலைப்பு கொட்டை எழுத்தில் மின்னியது. அதைப் பார்க்க அவருக்கே வெட்கமாக இருந்தது. சட்டென்று மூடினார்.

"அம்மா, சிநேகிதரும் இல்லை, ப்ளேனும் இல்லை. உங்க பஸ்லதான் வந்தேன். நானே ஓட்டினா ஒரு பயமும் கிடையாது. இன்னொருத்தர் ஓட்டற ப்ளேன்ல உக்காந்தா உயிரே போயிடுது. இந்த லட்சணத்துல ஊருக்கெல்லாம் தைரியம் சொல்லித் தந்துட்டிருக்கேன். மன்னிச்சிடுங்க."

பேராசிரியர் பையை எடுத்துக்கொண்டு எழுந்தார். மனசு லேசாகத்தான் இருந்தது; ஆனால் விடுதிப் பையன்களின் கூச்சல் இப்போதே காதில் கேட்டது.

கதவைத் தட்டிவிட்டு ஒருவர் உள்ளே வந்தார். பேராசிரியர் வந்த பஸ்ஸின் டிரைவர்.

"சார், உங்க கண்ணாடி. வழக்கம்போல என் பின்சீட்லயே விட்டுட்டீங்க" என்று கொடுத்துவிட்டு, டிரைவர் பெருமையாக முதலாளியம்மா பக்கம் திரும்பினார்.

"பாத்தீங்களாம்மா? ப்ளேன் டிக்கெட்டே அனுப்பினாலும், போர் விமானம் ஓட்டின இந்த சார் நம்ம பஸ்லதான் வருவாருன்னு நான் சொன்னேன்ல? இனிமே யோசிக்காதீங்க, விளம்பரத்துக்கு இவர் படத்தையே எல்லா பஸ்லயும் ஒட்டிடலாம்!"