மேல் வரியை மடிப்பவர்

கடன் வாங்கிவிட்டுத் தலைமறைவாகிறவரை உங்களுக்குத் தெரியும். கடன் கொடுத்துவிட்டு நாயாய் அலைகிறவரையும் தெரியும். இங்கே நாம் பார்க்கப் போவது மூன்றாவது இனம்: கடனைத் தன் சேமிப்பு என்று நம்பி நெஞ்சை நிமிர்த்தி நடக்கிறவர். வெகு சாதுவான இனம். குடும்பத்துக்கு மட்டும்தான் ஆபத்து.

மாதிரிக்கு ஒரு மரச்சாமான் கடைக்காரரை எடுத்துக்கொள்வோம். கணக்கில் சொந்தக் காசு தீர்ந்த பிறகும் ஐந்து லட்சம் வரை எடுக்கலாம் என்று வங்கி அவருக்கு ஓவர்டிராஃப்ட் கொடுத்திருக்கிறது. எடுத்ததற்கு வட்டி உண்டு. ஏ.டி.எம். சீட்டில் இரண்டு வரி வரும். மேல் வரியில், இருப்பு நாலு லட்சத்து முப்பதாயிரம், பக்கத்தில் ‘பற்று’. கீழ் வரியில், எடுக்கக்கூடிய தொகை எழுபதாயிரம். மேல் வரியைப் பார்த்தால் நாம் செலவை நிறுத்துவோம். அவர் என்ன செய்வார்? மேல் வரி உள்ளே போகும்படி சீட்டை மடித்து, கீழ் வரி தெரியச் சட்டைப் பையில் செருகி, எழுபதாயிரத்துக்குச் சொந்தக்காரர் நடக்கிற நடையில் கடைக்கு வந்து, தச்சருக்கு முன்பணம், மெருகு போடுகிறவருக்குக் கைமாற்று, எதிர்க்கடைக்காரருக்கு டீ என்று வாரி வழங்குவார். யார் எது கேட்டாலும், “பாத்துக்கலாம்.”

போன வருடம் வங்கி அவருடைய வரம்பை நாலிலிருந்து ஐந்து லட்சமாக உயர்த்தியது. வீட்டுக்கு வந்து மனைவியிடம், “இந்த மாசம் ஒரு லட்சம் வந்திருக்கு” என்றார்.

“வியாபாரத்துலயா?”

“பேங்க்ல.”

தையல் மிஷினை மிதித்துக் குடும்பத்தில் பாதியைத் தள்ளுகிற அந்த அம்மாள் அதற்கு மேல் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம்.

இந்த வருடம் வெளியூரில் படிக்கும் மகளின் கல்லூரிக்கு நாற்பத்தெட்டாயிரத்துக்குச் செக் கொடுத்தார். அது வங்கிக்கு வந்து சேர்வதற்குள் மச்சினன் வந்து, “மாமா, ஒரு இருபதாயிரம் கிடைக்குமா?” என்று இழுத்தான். சீட்டு வெளியே வந்தது. மச்சினன் வண்டி வாங்கினான். அதே வாரம் வங்கி வட்டியாக நாலாயிரம் எடுத்துக்கொண்டது. எடுக்க நாற்பத்தாறாயிரம்தான் இருந்தது; செக் திரும்பிவிட்டது.

மகள் போன் செய்தாள். “அப்பா, நாளைக்குள்ள கட்டலன்னா பரீட்சை எழுத விடமாட்டாங்களாம். எல்லார் முன்னாடியும் பேர் சொல்லிக் கூப்பிட்டாங்கப்பா.” அவள் குரல் உடைந்ததில் மனிதருக்கு நெஞ்சு பதறித்தான் போயிற்று. பதற்றத்தை அப்படியே கோபமாக்கி வங்கிக்குத் தூக்கிக்கொண்டு போனார்.

“என்னம்மா, நாலு லட்சத்துக்கு மேல வச்சிருக்கிறவன் செக்கைத் திருப்புவீங்களா?”

கவுண்ட்டரில் இருந்த பெண் நிதானமாகச் சொன்னாள். “அது நீங்க வச்சிருக்கிறது இல்ல சார். நீங்க எங்களுக்குத் தரவேண்டியது. பற்றுன்னு போட்டிருக்கு பாருங்க.”

“எனக்கும் கணக்கு தெரியும்மா. எங்க கடை நோட்டுல பேங்க் கணக்கு பற்றுல நின்னா கையில காசு இருக்குன்னு அர்த்தம்.”

“அது உங்க நோட்டு சார். பேங்க் உங்களுக்குத் தரணும்னா அதுல பற்று. இது எங்க நோட்டு. நீங்க எங்களுக்குத் தரணும்னா இதுல பற்று. உங்க காசு இங்க இருந்தா வரவுன்னுதான் வரும்.”

“அப்ப கீழ் வரியில இருக்கிறது?”

“அதுவும் எங்க காசுதான் சார். நீங்க இன்னும் எடுக்கல, அவ்வளவுதான்.”

அரைகுறையாய்க் கற்ற கணக்கை அவர் அன்றைக்குத்தான் முழுதாகக் கற்றார் என்று நினைக்கிறீர்களா? மனைவி, மிஷினை மாற்றச் சேர்த்து வைத்திருந்த ஐம்பதாயிரத்தை எண்ணிக்கூடப் பார்க்காமல் அவர் கையில் கொடுத்து, கணக்கில் கட்டச் சொன்னாள். கல்லூரி செக்கைக் காலையில் மறுபடி போடுவதாக ஏற்பாடு. பணத்தைக் கட்டினார். வாசலில் ஏ.டி.எம். பழக்க தோஷம். சீட்டு எடுத்தார். கீழ் வரியில் தொண்ணூற்றாறாயிரம்.

வீட்டுக்குள் நுழையும்போது அந்தப் பழைய நடை திரும்பியிருந்தது. “பாத்தியா, ஏறிடுச்சு. கடைக்கு ஒரு புது போர்டு போட்டுடலாம்னு...”

அந்த அம்மாள் கையை நீட்டினாள். சீட்டைத்தான் கேட்கிறாள் என்று கொடுத்தார். “கார்டு” என்றாள். அதுவும் கைமாறியது. அவளுடைய பழைய மிஷின் அன்று மாலை முழுக்க வேகமாக ஓடியது.

சிரிக்கிறீர்கள். நல்லது. போன வாரம் கடையில் நின்றுகொண்டு, “கிரெடிட் கார்டுல இன்னும் முப்பதாயிரம் மிச்சம் இருக்கு” என்று கூட வந்த வீட்டாரிடம் சொன்னீர்களே, அது யாருடைய மிச்சம்?