ஓர் அரசர் ஆழம்

வரைபடம் வரைகிறவர்கள் தாளை மடிக்கும் ஓரத்தில் வண்டல் நாடு என்று ஒரு நாடு இருந்தது. அந்நாட்டு மக்களுக்கு அறிவு குறைவு என்று நான் சொல்ல மாட்டேன். அவர்கள் அரசரைத் தேர்ந்தெடுத்த முறையைச் சொல்கிறேன். முடிவை நீங்களே செய்துகொள்ளுங்கள்.

நிலம் வைத்திருப்பவனுக்கு அது எவ்வளவு ஆழம் வரை சொந்தம் என்ற கேள்வி எல்லா நாட்டிலும் உண்டு. வண்டல் நாட்டுச் சட்டம் ஒரே வரியில் பதில் வைத்திருந்தது: ஓர் அரசர் ஆழம் வரை குடிகளுக்கு, அதற்குக் கீழே அரசுக்கு. அரசர் எவ்வளவு உயரமோ அவ்வளவு ஆழம். ஆகவே ஐந்தாண்டுக்கு ஒருமுறை தேர்தல் வரும்போது மக்கள் வேட்பாளரின் படிப்பையோ குணத்தையோ விசாரிப்பதில்லை, அளவுகோலை எடுத்துக்கொண்டு போவார்கள். இருப்பதில் நெட்டையானவர் வெல்வார். முடிசூட்டிய மறுநாள் ஊரெல்லாம் மண்வெட்டியோடு கிணற்றில் இறங்கி, புது அரசரின் உயரத்துக்குச் சரியாகத் தூர் எடுப்பார்கள்.

இப்படித்தான் உத்தண்ட நெடுவேள் அரசரானார். நான்கு முழமும் ஒரு சாணும் உயரம். பிரசார மேடைகளில் அவர் அதிகம் பேசவில்லை. நிமிர்ந்து நின்றார், அது போதுமானதாக இருந்தது.

கடலோரத்துத் தாழம்பள்ளத்தில் அஞ்சலாட்சி என்ற பெண்ணும் அவருக்குத்தான் வாக்களித்தாள். அரைக்காணியில் கத்திரியும் வெண்டையும் போட்டுச் சந்தையில் விற்றுப் பிழைப்பவள். கணவன் இல்லை. மாமனார் வெட்டிய கிணறு ஒன்றுதான் அவளுடைய ஆஸ்தி. அந்தக் கிணறு இல்லையென்றால் காயும் இல்லை, சோறும் இல்லை. புது அரசரின் உயரத்துக்கு அவளே இறங்கித் தோண்டினாள். நல்ல தண்ணீர் இரண்டு முழம் நின்றது. அன்றைக்கு அவள் அரசரை வாயார வாழ்த்தினாள் என்பதை இங்கே பதிவு செய்துவிடுகிறேன்.

நான்கு ஆண்டு கழித்து, தாழம்பள்ளத்துப் பூமிக்கடியில் எண்ணெய் இருப்பதாக ஏழ்கடல் வணிகக் கழகம் கண்டுபிடித்தது. அதன் முகவர் மிகவும் மரியாதையானவர். எதிரில் நாற்காலி இருந்தால்கூட அதற்கு ஒரு வணக்கம் சொல்லிவிட்டுத்தான் உட்காருவார். அவர் பாதாள அமைச்சர் குணக்கடலாரைச் சந்தித்த மறுவாரம் முதல் ஆணை வந்தது.

"அரசர் என்பவர் அரியணையில் அமர்பவர். நிற்பவர்கள் சேவகர்கள். ஆகவே இனி அரசரின் உயரம் அமர்ந்த நிலையில் அளக்கப்படும்" என்று அமைச்சர் அவையில் அறிவித்தார். அவை கைதட்டியது. அஞ்சலாட்சியின் கிணற்றில் பாதி அரசுக்குப் போயிற்று. தண்ணீர் இருந்தது அந்தப் பாதியில்தான். மேல் பாதி அவளுடையதாகவே நீடிக்கும் என்றும், அதிலுள்ள காற்றை அவள் விருப்பம்போல் பயன்படுத்தலாம் என்றும் அதிகாரிகள் எழுதிக் கொடுத்தார்கள். வாளி எல்லையைத் தாண்டாமல் தண்ணீர் இறைக்கும் வழி அவளுக்குத் தெரியவில்லை. பகலில் இறைக்காமல் விடியும் முன் இறைத்துக்கொண்டாள். தன் கிணற்றில் தானே திருடியாக வேண்டியிருந்தது.

கழகத்துக்கு இதுவும் போதவில்லை. எண்ணெய்க் குழாயைப் பக்கவாட்டில் பதிக்க இடம் வேண்டும் என்றார் முகவர். இரண்டாம் ஆணை வந்தது. அரசர் உறங்கும்போதும் அரசரே, உறக்கத்தில்தான் மனிதரின் உண்மையான அளவு தெரியும், ஆகவே அரசர் படுத்த நிலையில் அளக்கப்படுவார் என்றது அது. அளந்தார்கள். முதுகுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒன்றரைச் சாண். குடிகளின் நிலம் இனி ஒன்றரைச் சாண் ஆழம்.

மக்கள் அரசர் பருமனாக வேண்டுமென்று கோயில்களில் பொங்கல் வைத்தார்கள். அவர் பாகற்காய்ச் சாறு குடிக்கிறார் என்று செய்தி வந்தபோது ஊரே இடிந்துபோய் உட்கார்ந்தது. தென்னை வைத்திருந்தவர்களுக்கு, வேர்கள் அரசு நிலத்தில் அத்துமீறுவதாக அறிவிப்பு வந்தது. வேர்களைப் பக்கவாட்டில் வளரப் பழக்குவதற்கு ஒரு துறை அமைக்கப்பட்டு எண்பது ஊழியர்கள் நியமிக்கப்பட்டார்கள்.

இதற்கிடையே ஒப்பந்தமும் கையெழுத்தாயிற்று. அந்த ஒன்றரைச் சாண் அரசர் மட்டத்துக்குக் கீழே இருப்பது, இனி அங்கே வந்து சேர்வது, எதுவாயினும், தொண்ணூற்றொன்பது ஆண்டுக்குக் கழகத்துக்கே சொந்தம். குணக்கடலார் அதைப் படிக்கவில்லை. கையெழுத்து அழகாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்தார்.

துளைக்கும் பணி தொடங்கிய மூன்றாம் மாதம் அஞ்சலாட்சியின் கிணற்றில் எண்ணெய் மிதந்தது. வெண்டைச் செடிகள் நின்றபடியே கருகின. மனு எழுதிக்கொண்டு போனவளை, கழகத்தின் எண்ணெயைக் கிணற்றில் பதுக்கி வைத்ததாகச் சொல்லி இரண்டு நாள் அடைத்து வைத்தார்கள். திரும்பி வந்தபோது கிணற்றின் மேல் பலகை போட்டு முத்திரை வைத்திருந்தது. பக்கத்தில் ஒரு காவலன். வெயிலில் நாக்கு வறண்டு நின்ற அவன், "அக்கா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி இருக்குமா?" என்றான்.

"கெணத்துக்குக் காவல் இருக்கிறது நீதானே தம்பி? உன்னக் கேட்டுக் குடிக்கலாம்னுதான் நானும் வந்தேன்" என்றாள் அவள்.

அவளுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரியும். அடைபட்டிருந்த இடத்தில் சுவரோரம் கிடந்த பழைய சட்டப் புத்தகத்தை இரண்டு நாளும் படித்திருந்தாள். ஆழத்தில் தகராறு வந்தால் குடிகள் கேட்கலாம், அரசரே அந்தக் கிணற்றில் இறங்கி நின்று காட்ட வேண்டும் என்றொரு விதி அதில் இருந்தது. யாரும் நீக்கவில்லை, ஏனென்றால் யாரும் கேட்டதில்லை. அவள் கேட்டாள்.

அவையில் பலருக்குக் கோபம். குணக்கடலார் மட்டும் மகிழ்ந்தார். தேர்தலுக்கு இரண்டு மாதமே இருந்தது. ஏழைப் பெண்ணின் கிணற்றில் அரசர் இறங்குவதைவிட நல்ல காட்சி எது? ஓவியர்களுக்குச் சொல்லியனுப்பினார்.

குறித்த நாளில் பலகையைப் பெயர்த்து, எண்ணெயையும் நீரையும் இறைத்துக் கொட்டி, கயிறு கட்டி அரசரை இறக்கினார்கள். கிணறு அவர் உயரத்துக்கே தோண்டப்பட்டது அல்லவா, உச்சந்தலை தரைமட்டத்துக்குச் சரியாக நின்றது. கூட்டம் ஆரவாரித்தது. அஞ்சலாட்சி கைகூப்பிக்கொண்டு விளிம்பில் நின்றாள்.

"ராசா, நீங்க நிக்கிறது எங்க மாமனார் வெட்டுன கெணறு. ஒங்க காலு எது வரைக்கும் போவுதோ அது வரைக்கும் என்னுதுன்னு சொல்லித்தான் ஓட்டு வாங்குனீங்க. இப்ப ஒரு வார்த்த சொல்லுங்க, போதும்."

அரசர் அண்ணாந்து அவளைப் பார்த்தார். கீழேயிருந்த நாற்றத்தில் அவருக்குக் கண் எரிந்தது. உண்மையிலேயே மனமும் கொஞ்சம் இளகியது. அவர் வாயைத் திறப்பதற்குள் முகவர் ஒரு வணக்கத்தோடு முன்னால் வந்தார். கையில் ஒப்பந்தமும் ஒன்றரைச் சாண் கோலும் இருந்தன. கோலைத் தரைமட்டத்திலிருந்து கீழே நீட்டினார். அதன் முனை அரசரின் கழுத்தைத் தொட்டது.

"மன்னிக்க வேண்டும். அரசர் மட்டத்துக்குக் கீழே வந்து சேர்வது எதுவாயினும் எங்களுடையது. கழுத்துக்குக் கீழே உள்ளதை நாங்கள் எடுத்துக்கொள்கிறோம். தலையில் எங்களுக்கு உரிமை இல்லை, அதை நாடு வைத்துக்கொள்ளலாம்" என்றார்.

குணக்கடலார் ஒப்பந்தத்தை அன்றுதான் முதன்முறையாகப் படித்தார். வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "இரண்டையும் எப்படிப் பிரிப்பது?" என்று கேட்டார்.

"பிரிக்க வேண்டாம். கையெழுத்துப் போடும் கை எங்கள் பக்கம் வருகிறது. எங்களுக்கு அது போதும்."

சட்ட வல்லுநர்கள் மூன்று நாள் கூடிப் பேசி, ஒப்பந்தம் செல்லும் என்றார்கள். அரசர் மேலே வந்தார், குளித்தார், மணிமுடி தரித்து வழக்கம்போல் அரியணையில் அமர்ந்தார். ஆணைகள் வழக்கம்போல் வந்தன. நாட்டில் ஒரு மாற்றமும் தெரியவில்லை என்பதை எண்ணிச் சிலர் ஆறுதல் அடைந்தார்கள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. தேர்தலிலும் அவரே வென்றார். அவரைவிட நெட்டையானவர் யாரும் நிற்கவில்லை.

அஞ்சலாட்சி கிணற்றைத் திருப்பிக் கேட்டு மறுபடியும் மனு எழுதினாள். இந்த முறை நேரே அரசவைக்குப் போய் அவர் கையிலேயே கொடுத்தாள். மூன்று கல் தொலைவு போய்த் தண்ணீர் சுமந்து வருவதையும், கருகிய செடிகளையும், சந்தையில் தன் இடத்தில் இப்போது வேறொருத்தி உட்கார்ந்திருப்பதையும் சொன்னாள். அரசர் குறுக்கே பேசாமல் கேட்டார்.

"தாயே, உன் துயரம் என் துயரம். உன் கிணறு உனக்கே வர வேண்டும்" என்றார். குரல் உடைந்தது. கண்ணீர் கன்னத்தில் வழிந்தது. அது நடிப்பு இல்லை என்பதை அவள் அருகில் நின்று பார்த்தாள்.

அவர் அழுதுகொண்டிருக்கும்போதே, அவருடைய வலக்கை எழுதுகோலை எடுத்து, மனுவின் அடியில் "நிராகரிக்கப்பட்டது" என்று எழுதிக் கையெழுத்திட்டது.