ரேயான் துண்டில் போட்ட முடிச்சு

ஒரு சரக்கைப் பற்றி எல்லாம் தெரிந்தவன்தான் அதை நம்பி முதலில் மோசம் போவான். தெரியாதவன் பயந்து ஒதுங்கிப் பிழைத்துக்கொள்வான். இதை நான் எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை (நான் படித்ததே ஐந்தாம் வகுப்பு வரைக்கும்தான், அதிலும் பாதி நாள் பாலாற்றில்). என் கல்யாணத்தில், ஊரே பார்க்கக் கற்றுக்கொண்டேன்.

வாலாஜாபாத்திலிருந்து வெறுங்கையை வீசிக்கொண்டு காஞ்சிபுரத்துக்கு வந்தவன் நான். நூல் கடையில் மூட்டை தூக்கினேன். மீசை சரியாக முளைப்பதற்குள் ரேயான் நூலுக்கு ஏஜெண்ட். அறுபதுகளின் கடைசி அது. பட்டு நெய்கிற ஊரில் ரேயான் விற்பது, கோயில் வாசலில் கருவாடு விற்கிற மாதிரி. நான் விற்றேன். வேறு எவனாவது விற்றிருப்பானா, சொல்லுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பேசினார்கள். அம்மா வழியில் தூரத்து உறவு. பெண்ணின் அப்பா, என் மாமா, தறிக்குழியில் இறங்கினால் சாப்பாட்டுக்குத்தான் ஏறுவார். மாப்பிள்ளைக்கென்று தன் கையாலேயே ஒரு பட்டு மேல்துண்டு நெய்து வைத்திருந்தார். நான் வேண்டாம் என்றேன். கல்யாணத்துக்கு ஊர் வியாபாரிகள் எல்லாரும் வருவார்கள்; வேட்டி, துண்டு இரண்டும் ரேயானில் கட்டி நின்றால் அதைவிட விளம்பரம் உண்டா?

மாமா என் துண்டின் ஓரத்தில் ஒரு இழையை உருவித் தீக்குச்சியால் கொளுத்தினார். பட்டாக இருந்தால் மயிர் கருகுகிற நாற்றம் வர வேண்டும். முகர்ந்து பார்த்தார்.

"காயிதம் எரியற வாசனை வருதேப்பா."

நான் காத்திருந்ததே அதற்குத்தான். ஒரு முறை ரேயான் மில்லுக்குப் போய்ச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்திருந்தேன். போதாதா? மரத்தைக் கூழாக்கி அட்டை போடுகிறார்கள், அதைக் காஸ்டிக் சோடாவில் ஊறப்போட்டுப் பிழிந்து உதிர்க்கிறார்கள், அப்புறம் மூக்கைப் பிடிக்க வைக்கிற ஒரு மருந்தைச் சேர்த்தால் ஆரஞ்சு நிறத்துக்கு வந்துவிடும், மறுபடி சோடாத் தண்ணீரில் கரைத்தால் தேன் மாதிரிப் பாகு என்று மூச்சுவிடாமல் சொன்னேன். "அந்தப் பாக, கண்ணுக்கே தெரியாத ஓட்டை போட்ட இடியாப்ப அச்சுல வச்சி ஆசிட் தொட்டிக்குள்ள புழியறாங்க மாமா. உள்ள எறங்கசொல்லவே நூலா ஆயிடுது."

உள்ளேயிருந்து மாமி கேட்டாள்: "அத்த துன்னா இன்னா ஆவும்?"

நான் காதில் வாங்கவில்லை. ரகங்களுக்குப் போய்விட்டேன். இப்படிச் செய்கிற சாதா ரகம் விஸ்கோஸ். அசிடேட் என்று ஒன்று, பளபளப்பில் பட்டையே தோற்கடிக்கும், ஆனால் சூடான இஸ்திரிப் பெட்டி பட்டால் உருகி ஒட்டிக்கொள்ளும். செம்பு மருந்தில் கரைத்து எடுப்பது இன்னொன்று, சிலந்தி நூல் மாதிரி சன்னம். நனைந்தாலும் பலம் குறையாத புது ரகம் ஒன்றும் வந்துகொண்டிருக்கிறது.

கடைசியாகச் சொன்னதை நான் சொல்லியிருக்கக் கூடாது.

"அப்போ இது நனைஞ்சா?" என்றார் மாமா.

நனைந்தால் பாதி பலம் போய்விடும், காய்ந்தால் திரும்பி வந்துவிடும் என்று மில்லில் சொல்லியிருந்தார்கள். நான் பின்பாதியை மட்டும் சொன்னேன். "காஞ்சா சரியாப் பூடும் மாமா."

"துண்டு உன் இஷ்டம். அதயும் பொண்ணு முந்தியயும் சேத்துப் போடற முடிச்சு மட்டும் நிக்கணும். எங்க அக்கா கல்யாணத்துல அக்கினிய சுத்தி வரசொல்ல முடிச்சு அவுந்து பூட்ச்சி. பெரியவங்க கல்யாணத்தயே நிறுத்திட்டாங்க. அவ கடைசி வரைக்கும் வூட்டோடயே இருந்துட்டா."

துண்டை அவர் கையில் கொடுத்து, இழுத்துப் பாருங்கள் என்றேன். இழுத்தார். நின்றது. காய்ந்த துண்டு ஆயிற்றே.

முகூர்த்தத்தன்று தாரை வார்க்கும்போது மாமா என் கையில் தண்ணீர் விட்டார். மற்றவர்கள் கரண்டியளவு விடுவார்கள். அவர் செம்பையே கவிழ்த்தார் (பக்தியா, பரிசோதனையா என்று கடைசி வரை சொல்லவில்லை). மடியில் கிடந்த துண்டு சொட்டச் சொட்ட நனைந்தது. தாலி கட்டினேன். அந்த ஈரத் துண்டின் நுனியைத்தான் அவளுடைய பட்டுப்புடவை முந்தியில் சேர்த்து முடிச்சுப் போட்டார்கள்.

முதல் சுற்று நன்றாகப் போனது. இரண்டாவது சுற்றில், முன்வரிசையிலிருந்த ஒரு பெரிய வியாபாரி, "மாப்ளே, ரேயான்றது இதானா?" என்றார். அக்கினியாவது, சுற்றாவது. பெண்ணின் கையை விட்டுவிட்டு, துண்டை ஒரு கையால் தூக்கிக் காட்டிக்கொண்டு நின்றேன். அய்யரோ, நிற்காமல் நடம்மா என்று அவளை விரட்டினார். நான் நின்றேன். அவள் நிற்கவில்லை.

சர்ரென்று ஒரு சத்தம். அவ்வளவுதான். மேளம்கூட நின்றுவிட்டது.

"முடிச்சு பூட்ச்சே" என்று யாரோ ஒரு பெரியம்மா முணுமுணுத்தாள். மாமா எழுந்துவிட்டார். கல்யாணம் நின்றுபோன அவருடைய அக்கா அங்கேதான், தூணோரமாக உட்கார்ந்திருந்தாள். ரேயானைப் பற்றி நாள் கணக்கில் பேசக்கூடிய நான், கையிலிருந்த மிச்சத் துண்டை முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டேன்.

அதுவரை குனிந்த தலை நிமிராத பெண், முந்தியை எடுத்து அப்பாவிடம் நீட்டினாள். என் துண்டின் கிழிசல் அதில் தொங்கிக்கொண்டிருந்தது.

"முடிச்சு அவுறலப்பா. பாரு, அப்டியே இருக்குது. அவரு துணிதான் கிழிஞ்சிச்சு."

மாமா முடிச்சைத் தொட்டுப் பார்த்தார். தூணோரம் திரும்பினார். அக்கா சரி என்று தலையை ஆட்டினாள். மாமா காலையிலிருந்து கக்கத்திலேயே வைத்திருந்த பட்டுத் துண்டை எடுத்து என் தோளில் போட்டார். அதன் நுனியைப் பழைய முடிச்சின் மேலேயே இன்னொரு முடிச்சாகப் போட்டார்கள். மிச்சச் சுற்றை நான் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டுதான் சுற்றினேன். வேட்டியும் அதே சரக்கு, அதுவும் நனைந்திருந்தது என்பது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த வியாபாரி மறுவாரமே லைனிங் துணிக்கு என்னிடம்தான் ரேயான் வாங்கினார், அது வேறு கதை. இன்றைக்கு எனக்கு மூன்று கடை, மாடி வீடு, வாசலில் கார். எல்லாம் யார் உழைப்பு? ஆனால் வீட்டில் நாலு பேர் முன்னால் நான் இப்படி ஆரம்பித்தால் போதும், என் பெண்டாட்டி எழுந்து உள்ளே போவாள். செம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து என் முன்னால் வைத்துவிட்டுப் போய்விடுவாள். பிள்ளைகள் சிரிப்பார்கள். நான் நிறுத்திவிடுவேன். இப்போது மருமகள்களும் கற்றுக்கொண்டுவிட்டார்கள்.

இன்னும் என் பெருமை நிறைய எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். செம்பு மேசைக்கு வந்துவிட்டது.