கீச்சு சாரின் இடுப்பு

கள்ளக்குறிச்சி பஸ் டிப்போவில் ஒரு பேய் பகல் ஷிப்ட் பார்த்தது. நம்பமாட்டீர்கள்; நான் அந்தப் பேயின் கீழே குமாஸ்தாவாக இருந்தவன்.

டைம்கீப்பர் கீச்சு சார்தான் அது. எப்போதோ சென்னையில் இடுப்பு மூட்டை மாற்றி, உலோகக் கிண்ணத்தில் உலோகக் குண்டு சுழல வந்தவர். ஆளுக்கு முன்னால் சத்தம் வரும்: கீச்... கீச். டிரைவர்கள் டீயை வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடிப்பார்கள். கரியாலூர் வண்டிக்குப் புதிதாக வந்த கண்டக்டர், ஆளில்லாத பணிமனையில் அதைக் கேட்டு, மறுநாள் தாயத்தோடு வந்தார்.

"மெட்டலு ஜாஸ்தி, அதான் பாடுது" என்பார் சார். வலியைப் பற்றி மூச்சுவிடமாட்டார். இன்னொரு ஆபரேஷன் என்றால் அவருக்கு அவ்வளவு நடுக்கம்.

இடஒதுக்கீடு கேட்டுச் சாலைமறியல் நடந்த வாரம் அது. தியாகதுருகம் ரோட்டில் மறியல்காரர்கள் வெட்டிச் சாய்த்த புளியமரங்கள் குறுக்கே கிடந்தன. ஒரு பஸ்ஸும் ஓடவில்லை. எஞ்சின்கள் அடங்கிய அந்தப் பட்டப்பகலில்தான் முழுதாகக் கேட்டோம்: கீச்சுக்கு அடியில் இன்னொரு சத்தம். எதையோ எதுவோ மென்றுகொண்டிருந்தது.

மெக்கானிக் காசி, எஞ்சினுக்குப் பார்ப்பதுபோல, ஸ்குரூடிரைவர் நுனியைச் சாரின் இடுப்பில் வைத்து, பிடியைக் காதில் ஒட்டிக்கொண்டான்.

"ஒரு அடி வைங்க சார்."

வைத்தார். காசியின் முகம் வெளுத்தது.

"இன்னாடா, கிரீஸ் அடிக்கணுமா?"

"பேரிங் போச்சு சார். இரும்பு இரும்பத் தின்னுகினு கீது. ஒடனே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இல்லாங்காட்டி நடையே பூடும்."

சார் முதன்முறையாக மறுத்துப் பேசவில்லை. "வண்டி ஏதுடா?" என்றார், சின்னக் குரலில்.

நாற்காலியோடு தூக்கிப் போனோம். முதல் மரத்தண்டை மறியல்காரர்கள் மறித்தார்கள். சார் இறங்கி ஓர் அடி வைத்தார். கீச். கூட்டம் இரண்டாக விலகியது.

"யோவ், உள்ள இன்னாய்யா வச்சிக்கினு கீற?" என்று பதறியவர்களே மறுகணம் நாற்காலிக்குத் தோள் கொடுத்து, ஏழு மரங்களைத் தாண்டி, அப்பால் நின்ற ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள்.

சென்னையில் திறந்தபோது மூட்டைச் சுற்றிக் கறுப்புச் சேறாம். தேய்ந்த உலோகத்தின் பொடி. கழுவியெடுத்து, பிளாஸ்டிக் கிண்ணம் வைத்து அனுப்பினார்கள்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு சத்தமும் இல்லாமல் எங்கள் முதுகுக்குப் பின்னால் வந்து நின்றார். டிப்போவே அலறியது.

"கேட்டுச் சொல்றா காசி" என்றார்.

காசி நெடுநேரம் கேட்டான். ஸ்குரூடிரைவரை என்னிடம் நீட்டினான். நானும் காதை வைத்தேன். இரும்பு இல்லை. எங்கோ தொலைவில், மெல்ல, ரத்தம் ஓடிக்கொண்டிருந்தது.

காதை எடுக்க எனக்கு மனம் வரவில்லை.